கடலுக்கு வந்த கலியாணக் கதிரைகள்

அனலைதீவு இறங்குதுறையில் புதுப் படகு ஆடுகிறது. கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விட்ட கம்பனிக்கு அரசாங்கம் தூக்கிக் கொடுத்த பயணிகள் சேவை இது. தளத்தில் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள், கட்டப்படாமல், ஒவ்வோர் அலைக்கும் இடம் மாறுகின்றன. தொலைக்காட்சி நிருபர் படம்பிடிக்க, கம்பனி முகாமையாளர் சிரித்தபடி கைகாட்டுகிறார். "ஏறுங்கோ அக்கா." நிறைமாத மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த மேரிஜோசப்பீன் அசையவில்லை. "முதல் நீர் இருந்து காட்டும்." முகாமையாளர் ஒரு கதிரையில் இருக்கிறார். கதிரை அவரையும் இழுத்துக்கொண்டு மறுபக்கம் போகிறது. சனம் சிரிக்கிறது, மகள் வயிற்றைப் பிடிக்கிறாள். மேரிஜோசப்பீன், கரையில் வலை உதறும் புருசனைப் பார்த்துக் கத்துகிறாள். "இஞ்சாருங்கோ, எங்கட வள்ளத்தைக் கொண்டுவாங்கோ!" பிறகு நிருபரிடம் திரும்புகிறாள். "தம்பி, நீரும் எங்களோட வாரும். கேள்வி கேக்கிற ஆள் உயிரோட கரை சேர வேணும்."