நகராட்சி நாய்

தெருநாய் செம்பியை நகராட்சி வண்டி பிடித்துக்கொண்டு போனது. கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அதற்கு அடையாளமாக இடது காதின் நுனியை வெட்டி, ஐந்தாம் நாள் பழையபடி பேருந்து நிலையத்திலேயே இறக்கிவிட்டது.

“யார்கிட்ட கடி வாங்கிட்டு வர்றே?” என்று சிரித்தது, அங்கேயே கிடக்கும் கரியன் நாய்.

செம்பி கூச்சத்தில் காதை மடித்துக்கொண்டே திரிந்தது.

மறுமாதம் வண்டி மறுபடி வந்தது. வலை செம்பியின் மேல்தான் விழுந்தது. சுகாதார ஆய்வாளர் குனிந்து அதன் காதைப் பார்த்தார்.

“இதை விட்டுடு மாசிலாமணி. இது நம்ம நகராட்சி நாய்.”

வலைக்காரர் வலையை விலக்கினார். செம்பி ஓடவில்லை. இரண்டு காதுகளையும் நிமிர்த்திக்கொண்டு, பேருந்துகளுக்கு நடுவே நிதானமாக நடந்து வந்தது.

டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்த கரியன் தலையை நீட்டியது.

“அக்கா, அவர் என்ன சொன்னார்?”

“நான் நகராட்சி நாயாம். நீ யாரோட நாய்?”

கரியன் வெளியே வந்து, உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, வண்டியில் தானே ஏறி உட்கார்ந்தது.