மாப்பிள்ளையின் பூட்ஸ்

"மாப்பிள்ளை, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

காலை ஏழரை மணிக்கு மாமனார் இப்படிக் குண்டைத் தூக்கிப் போட்டதும் மாப்பிள்ளைக்குக் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றது. முப்பத்தைந்து வருஷம் செருப்புக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவருக்கு, வாக்கிங் நண்பர்களிடம் காட்டிப் பெருமையடிக்கப் போட்டோ வேண்டுமாம்.

சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் தீயணைப்பு வேலை பார்ப்பது அவன் இல்லை. அவன் மனைவி. அவன் நர்சரி ஸ்கூல் வாத்தியார்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு அந்த வேலை கிடைத்தபோது, "நெருப்புல இறங்கறது ஆம்பளை வேலை. நீ போனா எனக்குப் பொண்ணே இல்லைன்னு நினைச்சுக்குவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றவர் மாமனார். அதனால் மாப்பிள்ளை தீயணைப்பில் சேர்ந்துவிட்டதாகவும், அவன் இடத்தில் அவள் பாடம் நடத்துவதாகவும் சொல்லி வைத்தார்கள். நாலு வருஷமாக அந்தப் பொய்தான் வீட்டைக் காப்பாற்றுகிறது.

"கையில என்ன மாப்பிள்ளை, பல்லு பட்ட மாதிரி?"

"நெருப்புலேர்ந்து தூக்கிட்டு வந்த நாய் மாமா. பயத்துல கடிச்சிடுச்சு."

கடித்தது எல்.கே.ஜி. பையன். க்ரேயானைப் பிடுங்கியதற்காக.

மாமனார் மகளிடம் திரும்பினார். "பாரு, உன் புருஷன் உயிரைப் பணயம் வெச்சு வேலை பார்க்கறார். நீ 'அ'னா 'ஆ'வன்னா சொல்லிக் குடுத்துட்டு அலுப்பா இருக்குங்கற."

முந்தின நாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு ஆளைத் தோளில் சுமந்து இறக்கியவள், தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

உள்ளே போன மாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்து மனைவியின் யூனிஃபார்ம் சட்டையை மாட்டினான். மூன்று பட்டன் சேரவே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவி, சுவரில் உதைத்து, ஒரு வழியாக அவள் பூட்ஸுக்குள் காலை நுழைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, நொண்டறீங்க?"

"புது பூட்ஸ், மாமா."

"சட்டை?"

"துவைச்சதுல சுருங்கிடுச்சு."

"ஒரு துணி ஒழுங்கா துவைக்கத் தெரியுதா இவளுக்கு?" என்று மகளுக்கு மறுபடி அர்ச்சனை.

அப்போது அவள் போன் அலறியது. எடுத்துக் கேட்டவள் முகம் மாறியது.

"யாரும்மா?"

"ஸ்கூல்லேர்ந்துப்பா. ஒரு பையன்... மரத்துல ஏறிட்டானாம்."

உண்மையில் மரக்கடையில் தீ. ஸ்டேஷன் அடுத்த தெருவில்தான். ஆனால் பூட்ஸ் புருஷன் காலில்.

அவன் சட்டென்று உட்கார்ந்து இழுத்தான். வரவில்லை. அவளும் சேர்ந்து இழுத்தாள். நாற்காலியோடு இரண்டு பேரும் சாய்ந்ததுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் அப்பா போய்விடுவார், சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நகரும்மா."

மாமனார் தரையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் காலைத் தூக்கி மடியில் வைத்து, குதிகாலில் இரண்டு விரலை விட்டு ஒரு திருகு. பூட்ஸ் கழன்று வந்தது. இன்னொன்றும் அப்படியே.

இரண்டையும் மகள் முன்னால் நேராகத் திருப்பி வைத்தார்.

"ஆறாம் நம்பர். உன் காலு எனக்குத் தெரியாதா? முதல் வருஷமே வாசல்ல காயறப்போ பார்த்துட்டேன். திட்டினாலாவது ரோஷத்துல நீயே சொல்லுவேன்னு பார்த்தா வாயே திறக்கலை. போட்டோ கேட்டா இந்த மனுஷன் அதுக்குள்ள காலையே விட்டுட்டார். சீக்கிரம் போடு, அங்க எரியுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் லேஸை இறுக்கினாள். மாமனார் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நீங்க ஏன் நிக்கறீங்க? சட்டையைக் கழட்டி அவகிட்ட குடுத்துட்டு ஸ்கூலுக்குக் கிளம்புங்க. அந்த நாய் பெஞ்சுல உட்கார்ந்து காத்துக்கிட்டு இருக்கும்."