ஒரு வரி விடாமல்

"கையும் களவுமா பிடிச்சுட்டேன் மேடம்!" என்றபடி உள்ளே நுழைந்த நாவலாசிரியர், வக்கீலம்மாவின் மேஜைமேல் ஒரு பிளாஸ்க்கை வைத்தார்.

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். துப்பறியும் நாவல்களாக எழுதித் தள்ளும் இந்த மனிதர் சில மாதங்களாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனம் கேட்காமல் கொள்ளாமல் தன் நாவல்களை எடுத்து அதன் இயந்திரத்துக்குப் பாடமாகப் போட்டுவிட்டது, பதிப்புரிமை வழக்குப் போட்டு அதைச் சந்திக்கு இழுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "உங்கள் புத்தகத்தை நாங்கள் தொட்டதே இல்லை" என்று நிறுவனம் ஒரே போடாகப் போட்டுவிட்டது. ஆதாரம் இல்லாமல் வழக்கு எங்கே நிற்கும்?

"பிளாஸ்க்குல என்ன சார்?"

"ஆதாரம். கண்ணி வச்சேன் மேடம். மாட்டிக்கிச்சு!"

கடைசியாக வந்த நாவலில் அவர் வேண்டுமென்றே ஒரு விஷத்தை இட்டுக்கட்டி எழுதியிருந்தார். பென்சில் சீவலையும் கிராம்பையும் காயவைத்துப் பொடித்து, தினமும் காபியில் கலந்து கொடுத்தால் ஒரே மாதத்தில் ஆள் காலி. எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த அபத்தம் உலகத்தில் வேறு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எங்கேயாவது இது தலைகாட்டினால், அவருடைய நாவலிலிருந்து வந்ததுதான்.

"அந்த மெஷின் நம்மள மாதிரி நுனிப்புல் மேயாது மேடம். அட்டையில இருந்து அட்டை வரைக்கும், ஒரு வரி விடாம முழுங்கும்."

"சரி, விஷம் எங்க தலைகாட்டிச்சு?"

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். காபியோடு கிராம்பு வாசனையும் குப்பென்று வந்தது. மேலே மரத்தூள் மிதந்தது.

"கொஞ்ச நாளா வீட்டுல காபி இப்படித்தான் வருது. என் பென்சில் சீவுற டப்பா வேற துடைச்சு வச்ச மாதிரி இருக்கு!"

"காபி யார் போடுறது?"

"என் சம்சாரம்."

வக்கீலம்மா துள்ளி எழுந்தார். "ஐயோ சார்! உங்க மனைவி உங்களைக் கொல்லப் பார்க்குறாங்க!"

"அது குடும்ப விஷயம் மேடம். நீங்க கேசுக்கு வாங்க. அவ என் எழுத்துல ஒரு வரி படிச்சவ இல்ல. கல்யாணமான நாள்ல இருந்து கெஞ்சிப் பார்த்துட்டேன். 'எனக்கு வேற வேலை இல்லையா'ம்பா. ஆனா துணியில கறை போகணுமா, பால் பொங்கக் கூடாதா, எல்லாத்துக்கும் போன்ல அந்த மெஷினைத்தான் கேப்பா. புருஷனை எப்படிக் கொல்றதுன்னும் கேட்டிருக்கா. அது என் சரக்கை எடுத்து நீட்டியிருக்கு!"

"முதல்ல போலீசுக்குப் போங்க சார்."

"எதுக்கு? கட்டினவ, ஏதோ கோபம், விஷம் வச்சுட்டா. மன்னிச்சுடலாம். திருட்டை எப்படி மேடம் மன்னிக்கிறது?"

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த நாவலை எடுத்தார். தன் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடந்ததைத் தட்டி, போன வாரம் நாவலாசிரியர் கொடுத்துவிட்டுப் போனது. வக்கீலம்மா அதை முழுசாகப் படித்தும் இருந்தார். வாங்கிய ஃபீஸ் அப்படி.

"கடைசி அத்தியாயத்துல என்ன சார் வருது?"

"துப்பறிவாளர் குட்டை உடைக்கிறார்! பென்சில் சீவல் விஷமே இல்ல, சும்மா திசைதிருப்பக் கிளப்பின புரளி. கொன்னது தலையணை. படிக்கிறவங்க அசந்துடுவாங்க!"

"அப்போ ஒரு வரி விடாம முழுங்கின மெஷின், பென்சில் சீவலையா சொல்லும்? தலையணைன்னுதானே சொல்லியிருக்கும்?"

நாவலாசிரியர் பிளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தார்.

வக்கீலம்மா புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். பதினோராம் அத்தியாயத்தில், விஷம் கலக்கும் பக்கத்தில், ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தது.

"நீங்க கொடுத்தப்பவே இருந்துச்சு. உங்களோடதா?"

நாவலாசிரியர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது. கண் கலங்கிவிட்டது.

"என் சம்சாரம் என் புத்தகத்தைப் படிச்சிருக்கா மேடம்! எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுப் படிச்சிருக்கா! போதும் மேடம், இந்த ஜென்மத்துக்கு இது போதும். கேசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஊசியை எடுத்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்றார். ஏதோ யோசனை வந்துவிட்டது.

"பதினோராம் அத்தியாயத்துக்கு மேல?"

"மேல படிக்கல சார். படிச்சிருந்தா, இந்நேரம் நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க."

"பாதியிலயே மூடி வச்சுட்டாளா?"

வக்கீலம்மா புத்தகத்தை மூடி வைத்தார். நாவலாசிரியரின் முகம் சுருங்கிப்போனது. திரும்பி வந்து, பிளாஸ்க்கை இறுக்கி மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் மேடம்?"