நாலிலிருந்து முப்பத்தேழுக்கு

"பத்து வருஷத்துல நாலாவது இடத்துலேர்ந்து முப்பத்தேழாவது இடம்! எப்படி சார் முடிஞ்சுது உங்களால?"

ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசு கொடுக்கும் விழாவில், மைக்கில் அவள் கேட்டதும் மொத்த அரங்கமும் அந்த முப்பத்தேழாவது ஊர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தது. அவர் டையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். டை கட்டியிருக்கவில்லை.

புள்ளியியல் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தசமம்'. பசிக்குதா என்று கேட்டால்கூட, "பத்துக்கு ஏழு புள்ளி அஞ்சு" என்பாள். நாற்பது ஊர் ஆஸ்பத்திரிகளில் தினமும் எத்தனை பேர் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள் என்ற பத்து வருஷக் கணக்கை சாஃப்ட்வேரில் போட்டு, வரைபடமே எடுத்துவிட்டாள். தரவரிசையில் ஏறிய ஊருக்குப் பச்சை. சறுக்கிய ஊருக்குச் சிவப்பு.

"பக்கத்துப் பக்கத்து ஊருங்க வழக்கமா சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். நீங்க மட்டும் செக்கச்செவேல்னு! ஒட்டின ஊரைப் பாருங்க, பச்சைப்பசேல். முப்பத்தெட்டுலேர்ந்து ஒண்ணு! வரிசையில நிக்க ஒரு ஆள் கிடையாது. அவங்ககிட்ட ட்யூஷன் வச்சுக்கக் கூடாதா?"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

"வச்சுக்கறேம்மா" என்றார் டாக்டர்.

ஒட்டின ஊர் சேர்மன் மேடையேறி, "எல்லாம் அயராத உழைப்பு!" என்று கேடயத்தை வாங்கினார். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபடியே இறங்கியவர், கடைசிப் படியைக் கோட்டைவிட்டார்.

"ஐயோ, என் காலு!"

தசமம் பதறினாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! சார் ஊர் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். அங்கதான் வரிசையே இல்லை!"

"ஆஸ்பத்திரியே இல்லைம்மா!" வலியில் சேர்மன் வாய்தவறிக் கக்கிவிட்டார். "கூரை விழுந்து மூணு வருஷமாச்சு. எங்க ஊரே டாக்டர்கிட்டதான் போகுது."

"அப்புறம் எப்படி சார் கணக்குக் குடுத்தீங்க?"

"வரிசையில எத்தனை பேர்னுதானே கேட்டீங்க? சைபர்னு எழுதினோம். பொய்யா?"

தசமம் வரைபடத்தில் இருந்த பச்சையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் டாக்டர் தரையில் மண்டிபோட்டு, சேர்மனின் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "படிவத்துல வெளியூர்க்காரங்களுக்குன்னு தனிக் கட்டமே இருக்கே சார். அதுல எழுதியிருந்தா உங்க ஊர் நாலாவது இடத்துலயே இருந்திருக்குமே. ஏன் எழுதலை?"

டாக்டர் கைக்குட்டையால் கட்டுப் போட்டபடியே சொன்னார்.

"முதல் நாள் எந்த ஊருன்னு கேட்டோம்மா. வெளியூருன்னு சொன்னவங்க எல்லாம், நாங்க சொல்லாமலே, வரிசையோட கடைசியில போய் நின்னுட்டாங்க. மறுநாள்லேர்ந்து கேக்கறதையே விட்டுட்டோம்."