ஐயாவுக்கு ஒரு சைக்கிள்

"பிரேக் எதுக்குங்க? எங்க ஐயா வர்றார்னா ஊரே ஒதுங்கி வழிவிட்டுடும்."

முத்தையன் இப்படிச் சொன்னதும் சிவபாலனின் பென்சில் அந்தரத்தில் நின்றது. ஓட்டுகிறவரின் உயரத்துக்கும் எடைக்கும் தக்கபடி குழாய் அறுத்து, சைக்கிள் பிரேமைக் கையாலேயே பற்றவைத்துத் தரும் பட்டறை அவனுடையது. காரைக்காலில் இப்படி ஒரு வாடிக்கையாளர் இதுவரை வந்ததில்லை.

"ஐயாவை ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன். கால் அளவு எடுக்கணும்."

"அவரு யாரையும் தேடி வரமாட்டாருங்க. எல்லாரும்தான் அவரைத் தேடிப் போவாங்க. ஆள் ஆஜானுபாகு. நீங்க எவ்வளவு பெருசா செஞ்சாலும் தகும்."

"காலையில ஓட்டுவாரா, சாயங்காலமா?"

"ஊரடங்கினப்புறம்தான் கிளம்புவார். அப்ப எங்க ஊரு போலகத்துல ஒரு பய வெளியில தலைகாட்ட மாட்டான்."

சிவபாலன் பேச்சைத் தொழிலுக்குத் திருப்பினான். "லேசான குரோமாலி குழாய் இருக்குங்க. ஒரு விரல்ல தூக்கிடலாம். பித்தளை ஊத்தி ஒட்டினா மூட்டெல்லாம் அழகா..."

"அழகு கெடக்கட்டும். வெயிலு, மழை, உப்புக்காத்து எல்லாத்துலயும் வெளியிலதான் நிக்கும். துரு ஏறக்கூடாது."

"அப்ப எஸ்.எஸ். குழாய். ஆர்கான் வெல்டிங்."

"அதேதான்! பக்கவாட்டுல நீளமா ஒரு கொக்கி வைங்க. அருவா மாட்டணும்."

"அ... அருவாளா?"

"மூணடி. அப்புறம், ஒட்டு மட்டும் விட்டுடக் கூடாது. ஐயாவுக்குக் கோவம் வந்துடும். போன தடவை வந்தப்ப ஊர்ல ஏழு பேரு படுத்த படுக்கை."

அவர் போனதும் சிவபாலன் மனைவியிடம் ஓடினான். "தமிழரசி, ஒரு ரவுடிக்கு வண்டி செய்யச் சொல்றாங்க. செஞ்சா போலீஸ் வரும், செய்யலைன்னா அருவா வரும்!"

"முடியாதுன்னு சொல்லிடுங்க."

"நீ போய்ச் சொல்றியா?"

அவள் வெல்டிங் கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "கெட்டியாவே பத்தவைங்க. எனக்கு நீங்க முழுசா வேணும்."

ஒவ்வொரு மூட்டையும் இரண்டு முறை பற்றவைத்தான். பிரேமைக் கிடத்தி, மேலே ஏறிக் குதித்துப் பார்த்தான். தமிழரசியையும் ஏறிக் குதிக்கச் சொன்னான். ஒட்டு அசையவில்லை.

வண்டியை ஏற்றிப்போக முத்தையன் லோடு ஆட்டோவோடு வந்தார். "நீங்களும் ஏறுங்க. செஞ்ச கையாலேயே ஐயாகிட்ட ஒப்படைச்சாத்தான் மரியாதை."

போலகத்து எல்லையில் ஊரே திரண்டிருந்தது. சைக்கிளை இறக்கியதும் கூட்டம் விலகி வழிவிட்டது. சிவபாலன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஐயா! குத்தங்குறை இருந்தா மன்னிச்சிடுங்க! புள்ளகுட்டிக்காரன்!"

"அடடா, உங்களுக்கு இவ்வளவு பக்தியா!" முத்தையனுக்குக் குரல் தழுதழுத்தது.

சிவபாலன் மெல்லத் தலையைத் தூக்கினான். எதிரே, உருட்டிய விழியும் முறுக்கிய மீசையுமாகப் பன்னிரண்டடி உயரத்தில் காவல் தெய்வம் வீரனார். அவர் காலடியில், போன புயலில் கால் ஒடிந்து சாய்ந்துகிடந்த அவருடைய மண்குதிரை.