குருடனா, கோழையா?

"எந்தப் பாவி என் வீட்டு மேல புகார் குடுத்தது?"

சந்தானம் போட்ட கூச்சலில் கல்கத்தா பவானிபூர் சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்துகொண்டன. 1912ல் அந்தச் சந்தில் இதைவிடப் பெரிய வேடிக்கை ஏது?

வாசலில் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர், கையில் ஒரு காகிதத்துடன் மாடி பால்கனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சேவகன் நீள மூங்கிலோடு நின்றான்.

அந்தப் பால்கனி விரிசல் விட்டு ஒரு வருஷமாகிறது. நாகலக்ஷ்மி மூன்று வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு அங்கேதான் வடாம் பிழிவாள். "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோன்னா" என்று அவள் கெஞ்சாத நாளில்லை.

சந்தானம் சொல்வாரா? வீட்டுக்காரர் வேறு யாருமில்லை, அவருடைய ஆபீஸ் ஹெட்கிளார்க். அவர் முகம் சுளித்தால் வேலை போச்சு. ஹவுராவில் ரயிலேறி ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

"நாகு, வீட்டை இழுத்துப் பூட்டப் போறான்! நடுத்தெருவில நிக்கப் போறோம்!"

"முதல்ல அதுல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்கோ" என்றாள், இடுப்பில் குழந்தையோடு தள்ளி நின்ற நாகலக்ஷ்மி.

"புகாரில் கையெழுத்துப் போட்டது யார்?" என்று இன்ஸ்பெக்டரிடம் பாய்ந்தார் சந்தானம்.

"எதிர்வீட்டு ஹரிபாத பாபு."

எதிர்வீட்டு வாசலில் ஹரிபாத பாபு நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சந்தானத்துக்கு ரத்தம் கொதித்தது.

"போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுத்தானே போனீர்! படியுங்கள் இன்ஸ்பெக்டர், உரக்கப் படியுங்கள்! இவர் இங்கிலீஷில் வரிக்கு ஒன்பது தப்பு காட்டுகிறேன்!"

இங்கிலீஷ் என்றால் அந்தப் பேட்டையில் சந்தானம்தான். யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். அவரும் சலிக்காமல் எழுதித் தள்ளுவார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்து, கூட்டத்துக்காக வங்காளியில் அர்த்தமும் சொன்னார்.

"'இந்தப் பால்கனி விழுந்தால் உயிர்ச்சேதம் நிச்சயம். இதைத் தினமும் பார்த்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையை அதில் நடமாட விட்டிருக்கும் மனிதன் ஒன்று குருடனாக இருக்க வேண்டும், அல்லது கோழையாக இருக்க வேண்டும்.'"

சந்து முழுக்கச் சிரிப்பு. சந்தானம் மட்டும் சிரிக்காமல் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

தப்பு ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? அவர் எழுதியதாயிற்றே! ஞாயிற்றுக்கிழமை ஹரிபாத பாபு வந்து, "ஒரு வீட்டில் பால்கனி விழப்போகிறது, பெண்டாட்டி பிள்ளை அதில்தான் நடமாடுகிறார்கள்" என்றார். யார் வீடு என்றுகூடக் கேட்காமல், வீட்டு நம்பருக்கு இடம் விட்டு, ஆவேசமாக எழுதிக் கொடுத்தது இவரேதான்.

"எல்லோரும் விலகுங்கள்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சேவகன் மூங்கிலால் பால்கனியின் அடியில் ஒரு குத்துதான் குத்தினான். தடாலென்று ஒரு மூலை பெயர்ந்து வந்து வாசற்படியில் விழுந்து நொறுங்கியது. கூடவே நாகலக்ஷ்மி காயப்போட்டிருந்த வடாமும்.

சந்தானம் ஓடிப்போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். "முப்பது நாளுக்குள் வீட்டுக்காரர் பால்கனியை இடித்துக் கட்ட வேண்டும். நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். பால்கனிக் கதவை மட்டும் பூட்டி வையுங்கள்."

ஹரிபாத பாபு மெல்ல வந்து சந்தானத்தின் தோளில் கை வைத்தார். "கையெழுத்து என்னுடையது. உங்கள் ஹெட்கிளார்க் கோபித்தால் என்னைத்தான் கோபிப்பார். கோபிக்கட்டுமே, நான் என்ன அவர் ஆபீஸிலா வேலை பார்க்கிறேன்?"

சந்தானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "தாதா, கூடப்பிறந்த அண்ணன் மாதிரி என் குடும்பத்தையே காப்பாற்றினீர்கள். எப்படி உங்களுக்கு இந்த யோசனை வந்தது?"

"எனக்கெங்கே வந்தது? பௌதி, அதுதான் உங்கள் வீட்டு அண்ணி, சொல்லி அனுப்பினார், நான் வந்து எழுதி வாங்கினேன்."

சந்தானம் திரும்பிப் பார்த்தார். நாகலக்ஷ்மி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"நான் ஒரு வருஷமாக் கேட்டேன், உங்க காதுல ஏறலை. ஊரார் வந்து கேட்டா உடனே எழுதிக் குடுப்பேளே. அதான் ஊராரை விட்டுக் கேட்டேன்!"