நாற்பது வீடியோவும் பார்த்த வீடு

"விரலை நீட்டு மனே, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இரிக்கும்," என்றாள் வீடு பார்க்க வந்த மிட்வைஃப் தனுஷா.

கம்சாயினி நீட்டினாள். குத்தினால் இரத்தம் வர வேண்டுமே! பிழிந்து பிழிந்து எடுத்த ஒரு துளியும், மட்டக்களப்பு வாவி முழுவதிலும் ஒரு சிட்டிகைக் குங்குமத்தைக் கரைத்த மாதிரி வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்கு மேல் காட்ட வேண்டிய கருவி ஏழு என்றது.

"நேத்தும் பள்ளிக்கூடத்தில மயங்கி விழுந்திட்டாள் மிஸ். ஓ.எல். சோதினைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் கிடக்கு," என்றாள் தாய் புஸ்பம், தரையைப் பார்த்தபடி.

தனுஷாவால் நம்ப முடியவில்லை. பெண்பிள்ளைகளின் இரத்தச்சோகையைத் தடுக்க அவள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் எண்பது வீடுகள். எழுபத்தொன்பது வீட்டில் வீடியோவைத் திறந்தும் பார்ப்பதில்லை. இந்த வீடு மட்டும், அவள் அனுப்பி முடிக்க முதலே பார்த்து முடித்துவிடும்! நாற்பது வீடியோ, கேள்விகளுக்கு நூற்றுக்கு நூறு. போதாததற்குத் தினமும் சாப்பாட்டுக் கோப்பையின் படம்: ஈரல், முருங்கையிலை வறை, நண்டு, கொய்யாப்பழம். மந்திரி வீட்டுக் கலியாணத்தில்கூட அப்படிப் பரிமாற மாட்டார்கள்.

"சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கிறவளோ?"

"சீச்சீ! ஒரு மணித்தியாலம் போகவேணும். எட்டாவது வீடியோ," என்று கதிரையிலிருந்து பாய்ந்தார் தகப்பன் அழகரத்தினம்.

"ஈரல் எத்தனை தரம்?"

"கிழமைக்கு ரெண்டு தரம். மேல தேசிக்காய்ப் புளி விடவேணும், அப்பதான் இரும்புச்சத்துச் சேரும். அது பதினோராவது!"

தனுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாலு வருஷத்தில் மகளுக்காக இப்படி விழுந்து விழுந்து படித்த ஒரு தகப்பனை அவள் கண்டதில்லை.

"அப்ப இது குடல்ல ஏதோ கோளாறு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க," என்றவள், கம்சாயினியின் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினாள். "சொல்லு மனே, ஈரல் சாப்பிட்டா வயிறு கியிறு நோகுதா?"

பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எந்த ஈரல் மிஸ்?" என்றாள் கம்சாயினி.

"அவளுக்கென்ன தெரியும், ஃபோன் எந்த நேரமும் என்ட பொக்கற்றுக்குள்ள," என்று சிரித்த அழகரத்தினம், தன் வலது கையை நீட்டினார். "உழைக்கிற உடம்புக்கு நல்லதெண்டு, வீடியோவில சொன்னதெல்லாம் ஒரு நாளும் தவறாமத் தின்னுறவன் நான். என்ட விரலைக் குத்திப் பாருங்கவன் மிஸ், பதினாறுக்குக் குறைஞ்சா என்னைக் கேளுங்க!"